மதினி வீட்டுத் தலைவாசல்

கோச்சடையில் என் அண்ணன் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் தலைவாசலில் இல்லாத ஒரு படியைத் தாண்டுவார்கள். அடியோடு இல்லை என்றும் சொல்ல முடியாது. வேங்கை மரத்தில் இழைத்த நிலைப்படி அங்கேதான் இருக்கிறது. ஆனால் மற்ற வீடுகளைப் போலத் தரைக்கு மேலே எழுந்து நிற்காமல், தரையோடு தரையாக ஒரு பழுப்புப் பட்டையாகப் படுத்திருக்கிறது. அதன்மேல் மஞ்சளும் குங்குமமும் இருப்பதால் மிதிக்க யாருக்கும் மனம் வராது. பால்காரர், கேஸ் சிலிண்டர் தூக்கி வருகிறவர், ஓட்டுக் கேட்டு வருகிறவர், எல்லாரும் சமதரையில் காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ வேண்டுதல் போலத் தெரியும்.

போன மாதம் நானும் போனேன். முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு எனக்கு வாய்த்திருக்கும் வாகனம், முன்னால் இரண்டு சக்கரம் வைத்த வாக்கர். அதைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தவன், அந்த மஞ்சள் பட்டைக்கு முன்னால் நின்றுவிட்டேன். காலைத் தூக்கித் தாண்டும் சக்தி இல்லை. மிதிக்கும் துணிவும் இல்லை. கட்டட அனுமதி வழங்கும் அலுவலகத்தில் வேலைக்காலம் முழுவதையும் கழித்து, எந்த வாசல் எவ்வளவு அகலம், எந்தச் சுவர் எந்த எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளி என்று ஊருக்கெல்லாம் சொன்ன ஒருவன், தன் அண்ணன் வீட்டு வாசலில் விதி தெரியாமல் நின்ற காட்சி அது. அங்கே நின்ற நேரத்தில் எனக்கு மதினி ஞாபகம் வந்தது. அந்தப் படி தரைக்குள் இறங்கிய வேலையில் கைவைத்தவர்களில் இன்று மிஞ்சியிருப்பது நான் ஒருவன்தான்.

எழுபதுகளின் பிற்பாதியில் நான் அந்த வீட்டில்தான் இருந்தேன். கல்யாணம் ஆகவில்லை, புதிதாக வேலை கிடைத்திருந்தது. அண்ணன் உயர்நிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியர். மதினிதான் எனக்குச் சோறு போட்டவர், சட்டைக்குக் கஞ்சி போட்டவர், துறைத் தேர்வுக்குப் படிக்காமல் ரேடியோ கேட்டால் பிளக்கைப் பிடுங்கியவர். அவரை அன்னபூரணி என்றெல்லாம் எழுத எனக்கு விருப்பமில்லை. வாய் சுருக்கென்று இருக்கும். "கொழுந்தனாரே, ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டே கை தேஞ்சிருச்சா? தட்டக் கழுவி வச்சா என்னவாம்?" என்பார். நான் கழுவி வைப்பேன். அந்த வீட்டில் மேல்முறையீடு கிடையாது.

ஒரு ஐப்பசி மாதத்தில் மதினிக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இறங்கியபோது இடுப்புக்குக் கீழே உள்ள பலத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஆஸ்பத்திரியில் வெகுநாள் வைத்திருந்து, இனி இப்படித்தான் என்று சொல்லி அனுப்பினார்கள். அண்ணனும் நானும் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்து உள்ளறைக் கட்டிலில் படுக்கவைத்தோம். அவர்களின் ஒரே மகளுக்கு அப்போது பள்ளிக்கூடம் போகும் வயதுகூட ஆகவில்லை.

எங்கள் அம்மா சோழவந்தான் பக்கம் வயலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். செய்தி கேட்டு வந்தார். மருமகளின் தலையைத் தடவி அழுதார். அந்த அழுகை நிஜம். சாயங்காலம் அண்ணனைக் கொல்லைக்குக் கூட்டிப்போய்ப் பேசியதும் நிஜம். "அவள அவ அம்மா வீட்டுல விட்டுரு. நல்லாப் பாத்துக்கிருவாக. வீட்டுல வெளக்கேத்த ஒரு ஆளு வேணாமா? ஒனக்கு ஒரு ஆம்பளப் பிள்ளதேன் வேணாமா? ஒங்க மாமன்ட்டச் சொன்னா எடத்தப் பாத்துருவான்." உள்ளறை ஜன்னல் கொல்லையைப் பார்த்துத்தான் இருந்தது. இது பேசினவருக்கு நினைவில்லை. கட்டிலில் கிடந்தவருக்கு ஒரு சொல்லும் தவறவில்லை.  முகலாயர் முதல் மராத்தியர் வரை எல்லாருக்கும் பதில் சொல்லக்கூடிய அண்ணன், அம்மா முன்னால் வாய் திறக்க மாட்டார்.

அம்மா ஊருக்குப் போன மறுநாள் காலை மதினி எங்கள் இருவரையும் கட்டிலருகே கூப்பிட்டார். "நான் இந்த வீட்ட விட்டுப் போக மாட்டேன். ஆனா இந்த ரூமுக்குள்ளயே கெடந்தா போனவ மாதிரித்தேன். சித்திரைக்கு அழகர் பாக்க எல்லாரும் இங்க வருவாக. எப்பவும்போல நாந்தேன் சமைக்கணும். வழியில போற சனத்துக்கு நாந்தேன் நீர்மோரு ஊத்தணும். வாசல்ல இருந்து ஊத்தணும். அதுக்கு என்ன செய்யணுமோ செய்யுங்க." அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க மேற்கே உள்ள ஊர்களிலிருந்து வருகிற சனம் எங்கள் தெரு வழியாகத்தான் வைகைக்குப் போகும். அந்தச் சனத்துக்கு வாசலில் மோர் ஊற்றுவது யாரோ அவர்தான் அந்த வீட்டுக்காரி என்பது தெருவுக்கே தெரியும். மதினி கேட்டது அந்த இடத்தைத்தான்.

அவர் நகர்வதற்கு ஒரு வண்டி செய்தோம். அகலமான பலகை, அடியில் பழைய இரும்புக் கடையில் வாங்கிய பால்பேரிங் நான்கு. தரையில் உள்ளங்கையை ஊன்றித் தள்ளினால் கடகடவென்று ஓடும். முதல் நாள் கட்டிலிலிருந்து அறைவாசல் வரை ஓட்டிவந்த மதினி அங்கே வண்டியை நிறுத்தினார். எதிரே நிலைப்படி. எங்கள் வட்டாரத்து வீடுகளில் அறைக்கு அறை நிலைப்படி உண்டு. ஒரு சாண் உயரத்துக்குக் குறையாது. நடக்கிறவனுக்கு அது கண்ணிலேயே படாது. பலகையில் உட்கார்ந்திருக்கிறவருக்கு அது மதில்.

கொத்தனாரை வரவழைத்தோம். வேலை இன்னதென்று கேட்டதும் அவர் தோள் துண்டை உதறிவிட்டு எழுந்தார். "சார், நிலை வைக்கணும்னாக் கூப்பிடுங்க, குளிச்சுட்டு வாரேன். நிலையத் தோண்டணும்னா என்னைய விட்டுருங்க. நானும் பிள்ளகுட்டிக்காரன்." அடுத்து வந்தவரும் அதையே வேறு சொற்களில் சொன்னார். நிலைப்படியில் லட்சுமி இருக்கிறாள். மிதிக்கக் கூடாது, உட்காரக் கூடாது, அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கொடுக்கல் வாங்கல் கூடாது. பெயர்ப்பதைப் பற்றி விதியே கிடையாது. அப்படி ஒன்றை யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. இப்படித்தான் ஒரு வரலாற்று ஆசிரியரும் ஓர் இளநிலை உதவியாளரும் ஞாயிற்றுக்கிழமைக் கொத்தனார்கள் ஆனோம்.

முதலில் உள்ளறை. அண்ணன் கடப்பாரையைப் பிடித்த விதம் தொல்பொருள் அகழ்வு போல இருந்தது. ஒவ்வொரு காரைப் பொருக்கையும் எடுத்துத் திருப்பிப் பார்த்து, இது எப்போது பூசியது என்று எனக்கு விளக்கினார். "அது எந்த ராசா காலத்துதா வேணா இருக்கட்டும், மதியச் சோத்துக்குள்ள வெளிய வருமா வராதா?" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. வந்தது. அதைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டு, பள்ளத்தைச் சிமெண்டால் மூடினோம். மறுநாள் மதினி பட்டாசாலைக்கு, அதாவது முன்கூடத்துக்கு, ஓட்டிவந்து, ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை போய், திரும்பி வந்து, எல்லா மூலையிலும் ஒட்டடை என்று எங்களைத் திட்டினார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவர் மனநிறைவோடு திட்டியது அன்றைக்குத்தான்.

அடுத்து அடுப்படி. அங்கேயும் நிலைப்படியைப் பெயர்த்தோம். அந்தச் சமயத்தில் ஊரெல்லாம் அடுப்புக்கு மேடை கட்டி, நின்றபடி சமைக்கத் தொடங்கியிருந்தது. எங்கள் வீட்டிலும் அண்ணன் ஆசையாகக் கட்டிய மேடை ஒன்று இருந்தது. அதை உடைத்து, பலகை உயரத்துக்குத் தாழ்த்தினோம். "ஊரே எந்திரிச்சு நிண்டு சமைக்குது; நம்ம அடுப்படி மட்டும் உக்காந்துருச்சு" என்றார் மதினி. ஸ்விட்சுகளையும் கீழே இறக்கினோம். ஸ்விட்ச் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று நான் விதியை எடுத்துச் சொன்னேன். "அந்த விதிய எழுதுனவர வரச்சொல்லுங்க, அவரு வந்து லைட்டப் போட்டு விடட்டும்" என்று பதில் வந்தது. ஸ்விட்ச் இறங்கியதில் அதிகம் மகிழ்ந்தது அண்ணன் மகள்தான். வீடு சில வாரங்களுக்குச் சித்திரைப் பொருட்காட்சி மாதிரி மின்னி மின்னி அணைந்தது.

நிலைப்படி லட்சுமிக்கு மட்டும் அல்ல என்பது ஒரு வெள்ளிக்கிழமை தெரிந்தது. வழக்கம்போல நான் அடுப்படியைக் கழுவிவிட்டேன். தடுக்கப் படி இல்லாததால் தண்ணீர் நேராகப் பட்டாசாலைக்குப் போய், அண்ணன் தரையில் பரப்பி வைத்திருந்த அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்களை நனைத்தது. அண்ணன் அவற்றைக் கொடியில் காயப்போட்டார். அதற்குத் தீர்வு என்னிடம் இருந்தது. அலுவலகத்தில் தினம் பார்க்கிற சங்கதி: தரைக்கு வாட்டம் வேண்டும். அடுப்படித் தரை முழுவதையும் கொத்தி எடுத்து, கொல்லைச் சாக்கடைத் துளையை நோக்கிச் சரிவாக, சிவப்புச் சாயம் கலந்த சிமெண்ட் பூசி, தேங்காய் எண்ணெய் தேய்த்துக் கண்ணாடி போல மெருகேற்றினோம். ஒரு சொட்டுத் தண்ணீர் தங்காது. நான் பெருமையோடு நின்றேன்.

மதினி வந்து அடுப்பின் முன் உட்கார்ந்தார். குழம்பைக் கிண்டத் தரையிலிருந்து கையை எடுத்தார். வண்டி மெதுவாக, மரியாதையாக, சாக்கடைத் துளையை நோக்கிப் புறப்பட்டது. கையில் கரண்டியோடு அவர் எங்களைப் பார்த்தபடியே பின்னால் போய்ச் சுவரில் முட்டி நின்றார். மறுபடி வந்தார், கிண்டினார், போனார். மூன்றாவது முறை கரண்டி என்னை நோக்கி வந்தது. "தண்ணிக்கு வழி பண்ணுங்கன்னா, என்னையவும் சேத்து வெளிய அனுப்புறீகளா?" என்று கேட்டுவிட்டு, தன்னை மறந்து சிரிக்க ஆரம்பித்தார். அண்ணன் சிரித்தார், பயந்து நின்ற குழந்தையும் சிரித்தது. காய்ச்சலுக்குப் பிறகு அந்த வீடு மொத்தமும் சிரித்தது அன்றுதான். பிறகு மதினியே கையை எட்டி அம்மிக்குழவியை உருட்டிச் சக்கரத்துக்குப் பின்னால் முட்டுக்கொடுத்தார். வண்டி நின்றது. அந்த வீட்டில் அதன் பிறகு குழவிக்கு இரண்டு உத்தியோகம்.

அப்புறம் குளியலறை. கொல்லைக்கோடியில் இருந்ததை விட்டுவிட்டு, அடுப்படியை ஒட்டிய சாமான் அறையை மாற்றினோம். அங்கே என் படிப்பு உதவியது என்று சொல்லிக்கொள்ளலாம். கிணற்றுக்கும் கழிவுத் தொட்டிக்கும் எவ்வளவு இடைவெளி, குழாய்க்கு எவ்வளவு சரிவு என்பதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் உத்திரத்தில் கயிறு தொங்கவிட வேண்டும், அதைப் பிடித்து எழும்பி உட்கார்ந்துகொள்வேன் என்று சொன்னது மதினிதான். மகளுக்குத் தொட்டில் கட்டிய கொக்கியைப் பட்டாசாலையிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து அங்கே மாட்டினோம். முதல்நாள் யார் துணையும் இல்லாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அண்ணன் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணைத் துடைத்ததை நான் பார்க்கவில்லை என்று இருவரும் பேசாமலே ஒப்புக்கொண்டோம்.

மிஞ்சியது தலைவாசல். சித்திரைத் திருவிழா நெருங்கிவிட்டது. அம்மா முன்கூட்டியே வந்து இறங்கினார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அறைக்கு அறை பல் பிடுங்கிய வாய் மாதிரி இருந்த நிலைகளைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் தலைவாசலுக்கு வந்து, நிலைப்படிக்கு உட்புறம் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டார். "உள்ள என்னத்தயும் செஞ்சுக்கங்க. இது ஒங்க அப்பா வச்ச நிலை. அடியில நவதானியம் போட்டது இந்தக் கை. இதுல கடப்பாரை விழுந்துச்சு, அப்புறம் நான் இங்க வர மாட்டேன்." அண்ணன் கையிலிருந்த கடப்பாரையைச் சத்தமில்லாமல் சுவரில் சாய்த்தார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அம்மா சொல்வதில் நியாயம் இல்லாமலும் இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில் அவர் கையால் விதை போட்டு நிறுத்திய நிலை அது. அப்பா போனபின் அப்பாவாக அங்கே மிஞ்சியிருந்தது அந்த மரம்தான்.

அடுப்படியிலிருந்து கடகட சத்தம் வந்தது. மதினி மாமியாருக்குப் பக்கத்தில் வந்து வண்டியை நிறுத்தினார். அம்மா வேறு பக்கம் பார்த்தார். மதினி அந்தப் படியின் உயரத்தைக் கண்ணாலேயே அளந்தார். பிறகு சொன்னார்: "அத்த சொல்றது சரிதேன். அத ஏன் எடுக்கணும்? அது இருக்குற எடத்துல இருக்கட்டும். நாம உசந்துக்கிருவோம்."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. அண்ணனுக்கு இன்னும் சற்று நேரம். படியை இறக்க வேண்டாம். இரண்டு பக்கமும் தரையை உயர்த்தினால் போதும். உள்ளே பட்டாசாலைத் தரையை மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டு வந்து படியின் தலையோடு சேர்ப்பது. வெளியே தெருவரைக்கும் சாய்வாக இறக்குவது. நிலை அசையாது, நவதானியம் அசையாது. கட்டட விதிகள் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்த என் மண்டையில் இது உதிக்கவில்லை என்பதில் எனக்கு வருத்தமில்லை. உதித்திருந்தால் அதற்கு அனுமதி தேவையா என்று யோசித்தே சித்திரையைக் கடத்தியிருப்பேன். அம்மா எழுந்து ஓரமாகப் போனார். "நிலையில கொத்துக்கரண்டி படாமப் பூசுங்கடா" என்றார். அது சம்மதமா எச்சரிக்கையா என்று நாங்கள் கேட்கவில்லை.

செங்கல் அடுக்கினோம், வைகை மணலைச் சலித்தோம், பூசினோம். பூச்சு இறுகும்வரை எல்லாரும் கொல்லை வழியாகப் போய்வந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை மதினி மஞ்சள் கிண்ணத்தோடு தலைவாசலுக்கு ஓட்டிவந்தார். குனிந்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நிலைப்படிக்கு மஞ்சள் தடவினார். காய்ச்சலுக்குப் பின் அவர் கை அதில் படுவது அதுவே முதல் தடவை. முன்பு உயர்ந்து நின்ற படியின் வெளிப்பக்கம் அவருக்கு எட்டியிருக்காது. அம்மா தூணில் சாய்ந்து நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். குங்குமக் கிண்ணத்தை எடுத்து மருமகள் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அழகர் ஆற்றில் இறங்கிய அன்று காலை வீடு நிரம்பியிருந்தது. தாய்மாமன் வந்திருந்தார். இடுப்பு வேட்டியில் ஒரு பெண்ணின் ஜாதகத்தோடு வந்திருக்கிறார் என்பது எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசவில்லை. விடியும் முன்பே மதினி அத்தனை பேருக்கும் பொங்கலும் சாம்பாரும் இறக்கி வைத்திருந்தார். ஆற்றுக்குப் போனவர்கள் திரும்பிச் சாப்பிட்டார்கள். மாமா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை நான் கவனித்தேன். வெயில் ஏறியது. தெருவில் சனம் திரும்பத் தொடங்கியது. மொட்டையடித்து முடிக்காணிக்கை கொடுத்தவர்கள், தோளில் பிள்ளையைத் தூக்கியவர்கள், அழகர்மேல் தோல் பையால் தண்ணீர் பீய்ச்சி நனைந்த வேடத்துக்காரர்கள். வாசல் பந்தலில் மோர்ப்பானை தயாராக இருந்தது. மதினி மடியில் பித்தளைச் செம்பை வைத்துக்கொண்டு பட்டாசாலையின் புதிய ஏற்றத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். நிலைப்படிக்கு முன்னால் வந்ததும் கையை ஊன்றி நிறுத்தினார்.

அங்கேதான் எங்கள் இருவருக்கும் புத்தியில் உறைத்தது. படி தரையோடு இருக்கிறது, நடக்கிறவர்கள் தாண்டிவிடலாம். வண்டி தாண்டாது. மேலே ஏறித்தான் போக வேண்டும். மஞ்சள் இட்ட நிலையின்மேல், லட்சுமியின்மேல், அப்பாவின்மேல், இரும்புச் சக்கரம்.

மாமா சத்தமாகவே கேட்டார். "என்னக்கா, நிலையில வண்டிய ஏத்தப் போறா, பாத்துக்கிட்டு நிக்கிற?"

 மதினி யார் முகத்தையும் பார்க்கவில்லை. செம்பைப் பிடித்திருந்த கைவிரல்கள் வெளுத்திருந்தன. திரும்பிப் போனால் எதுவரைக்கும் திரும்ப வேண்டியிருக்கும் என்பது அவருக்குத் தெரியும். அண்ணன் அம்மா முன்னால் முதல்முறையாக வாயைத் திறந்தார். என்ன சொல்லியிருப்பாரோ, அதற்கு முன்னால் அம்மா பேசினார்.

"காலுதேன்டா வைக்கக் கூடாது. இது சக்கரந்தானே."

மாமா ஏதோ சொல்ல வந்தார். அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. "நீ வா தாயி. சனம் தாகத்தோட நிக்குது" என்று சொல்லிக்கொண்டே, பந்தலில் தான் உட்காரப் போட்டிருந்த மணையை எடுத்து ஓரமாக வைத்து வண்டிக்கு இடம் பண்ணினார். நான்கு பேரிங்கும் நிலைப்படிமேல் ஏறி இறங்கின. மஞ்சளில் இரண்டு கோடு விழுந்தது. மதினி தெருவைப் பார்த்தார். தெரு அவரைப் பார்த்தது. அன்று பொழுது சாயும்வரை மோர் ஊற்றினார். மாமா ஜாதகத்தை இடுப்பிலிருந்து எடுக்காமலே ஊருக்குப் போனார். அந்தப் பேச்சை அதற்குப் பின் யாரும் எடுத்ததில்லை.

அம்மா ஏன் மாறினார் என்பதற்கு என்னிடம் ஆவணம் எதுவும் இல்லை. கேட்டிருந்தால், யார் மாறினது என்று கேட்டிருப்பார். ஒன்று மட்டும் சொல்ல முடியும். பிறகு நான் பணியில் உயர்ந்து, எத்தனையோ விதிகளுக்கு விளக்கம் எழுதினேன். மேலிருந்து வந்த விளக்கங்களைப் படித்தேன். காலுக்கும் சக்கரத்துக்கும் இடையில் இருந்த அந்த இடுக்கைக் கண்டுபிடித்து, ஒரு குடும்பத்தையே அதன் வழியாக உள்ளே கொண்டுவந்த விளக்கத்துக்கு ஈடாக ஒன்றையும் பார்க்கவில்லை. கண்டிப்பான ஆள் என்று அலுவலகத்தில் எனக்குப் பெயர். ஆனால் மனுவோடு எதிரே நின்றவர் கண்ணில் அந்தச் செம்பைப் பிடித்த கையின் சாயல் தெரிந்தால், விதியில் சக்கரம் போக இடம் இருக்கிறதா என்று இன்னொரு முறை படித்துப் பார்ப்பேன். பல சமயம் இருந்தது. அதற்கு அம்மாவுக்கும் மதினிக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

மதினி அந்த வீட்டை அதன் பிறகு வெகுகாலம் ஆண்டார். என் கல்யாணத்துக்குப் பெண் பார்த்தது அவர்தான். பெண்ணிடம் என்னைப் பற்றி உண்மையைச் சொன்னதும் அவர்தான். அம்மா கடைசிக் காலத்தில் வயலை விட்டுவிட்டு அங்கேயே வந்து தங்கினார். கால் தடுமாறத் தொடங்கியபோது, இந்த ஒரு வீட்டில்தான் தடுக்கி விழ எதுவும் இல்லை என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொள்வார், ஏதோ தானே கட்டிய மாதிரி. அம்மாவும் போனார், அண்ணனும் போனார். மதினி போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. வீடு இப்போது அண்ணன் மகளிடம் இருக்கிறது. அவள் போன வருடம் தரை முழுவதும் புதிய டைல்ஸ் போட்டாள். டைல்ஸ் ஒட்ட வந்தவர், இந்த ஒரு பழைய கட்டையை எடுத்துவிட்டால் சீராக இருக்கும் என்றாராம். சுற்றி வெட்டி ஒட்டுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

அந்தக் கட்டைக்கு முன்னால்தான் போன மாதம் நான் வாக்கரோடு நின்றேன். வெள்ளிக்கிழமை, மஞ்சள் ஈரமாக இருந்தது. உள்ளே அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அண்ணன் மகள், நான் ஏன் நிற்கிறேன் என்று கேட்கவில்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"சக்கரந்தானே சித்தப்பா. ஏத்தி வாங்க."

ஏற்றினேன். காலை எப்படிக் கொண்டுவந்தேன் என்று நான் குனிந்து பார்க்கவில்லை, அவளும் பார்க்கவில்லை. உட்கார்ந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். மஞ்சளில் இரண்டு கோடு விழுந்திருந்தது.